மூன்றாம் பகுதியில் காணாமல் போகிறவன்

ஜனவரி 14, செவ்வாய்

காலை. நேற்று வில்லோ பெண்டிலிருந்து ரெஜைனா வரை மூன்று மணி நேரம் ஓட்டி வந்தேன். மைனஸ் முப்பத்து நாலு. வழியெல்லாம் தரைப்பனி பாம்பு மாதிரி சாலையின் குறுக்கே ஓடிக்கொண்டிருந்தது. ஐஸ் ஹாக்கி ஆட்டத்தின் இரண்டாவது இடைவேளையிலேயே கோட்டை மாட்டிக்கொண்டு கிளம்பிவிட்டேன், இல்லாவிட்டால் நெடுஞ்சாலையை மூடியிருப்பார்கள்.

நான் மட்டுமா? ஸ்கவுட் என்று பெயர் வைத்துக்கொண்டு பெரிய கிளப்புகளுக்காகப் பையன்களை எடைபோட ஊர் ஊராகச் சுற்றும் எங்கள் கூட்டமே அப்படித்தான். ஆட்டத்துக்கு மூன்று பகுதி, பகுதிக்கு இருபது நிமிடம். இரண்டு பகுதி பார்த்தால் பையனின் சங்கதி தெரிந்துவிடும் என்பது எங்கள் தொழில் ஞானம். மூன்றாவதற்கும் உட்கார்ந்திருப்பவன் ஒன்று வேலைக்குப் புதுசு, இல்லை வீட்டில் சண்டை.

டேலன் ரீமர் பற்றிய ரிப்போர்ட்டை இன்று முடித்து அனுப்பினேன். நடு முன்வரிசை ஆட்டக்காரன், ஐந்தடி பத்து, பதினெட்டு வயது ஆகப்போகிறது. கை என்றால் கை. பனியில் சறுக்கும் அந்த ரப்பர் வட்டு, பக், அவனிடம் வருவதற்கு முன்பே அது அடுத்து எங்கே போகவேண்டும் என்று முடிவுசெய்து வைத்திருக்கிறான். இந்தச் சமவெளியில் பத்து வருடத்தில் இப்படி ஒருத்தனைப் பார்க்கவில்லை. அதையெல்லாம் எழுதினேன். 'குறைகள்' என்ற கட்டத்துக்கு வந்ததும் கை நின்றுவிட்டது. உயரம் கம்மி என்பது எல்லோருக்கும் தெரிந்தது, அதை எழுத ஒரு ஸ்கவுட் வேண்டாம். குறை எழுதாத ரிப்போர்ட்டை எங்கள் தலைவர் மெக்கில்வ்ரே நம்பமாட்டார். "குறையே தெரியலைன்னா நீ பார்க்கவே இல்லைன்னு அர்த்தம்" என்பார்.

ஆட்டத்தாள்களைப் புரட்டினேன். நான் போன ஐந்து ஆட்டத்திலும் மூன்றாம் பகுதியில் அவன் பெயருக்கு எதிரே வெறுமை. கோல் இல்லை, கோலுக்கு உதவிய பாஸ் இல்லை, கோலை நோக்கி ஓர் அடிகூட இல்லை. எழுதினேன்: "மூன்றாம் பகுதியில் காணாமல் போகிறான்."

அதற்குக் கீழே வழக்கமான வரி: "நேரில் பார்த்தவை ஐந்து. முழு ஆட்டம்." கிளப்பின் விதி அது. எல்லோரும் அப்படித்தான் எழுதுகிறோம்.

ஜனவரி 15, புதன்

மெக்கில்வ்ரே போன் பண்ணினார். "மூணாவது பகுதியைப் பத்தி ஒருத்தன்கூட எழுதலைடா லோர்ன். நல்ல கண்ணு உனக்கு." நாள் முழுக்கச் சந்தோஷமாக இருந்தேன். இதையும் எழுதி வைக்கிறேன்.

ஜனவரி 27, திங்கள்

சாஸ்கட்டூன். பத்திரிகைக்காரர்கள் உட்காரும் மாடத்துக்குப் பின்னால் எங்கள் காப்பி அறை. எட்டுப் பேர், எட்டுக் கிளப், ஒரே தட்டில் டோனட். அங்கே யாரும் தன் கிளப் யாரை எடுக்கப்போகிறது என்று வாய் திறப்பதில்லை, ஆனால் அடுத்தவன் கிளப் யாரை விட்டுவிடவேண்டும் என்று மணிக்கணக்கில் பேசுவோம்.

டக்கி ஹார்கெட் (இருபது வருடமாகத் தெரியும், கிழக்கே ஒரு கிளப்புக்கு வேலை பார்க்கிறான்) சூரியகாந்தி விதையைத் துப்பிக்கொண்டே சொன்னான்: "ரீமர் பையன் மூணாவது பகுதியில படுத்துடுறான்பா. மூச்சு கிடையாது."

"யார் சொன்னா?"

"யார் சொல்லணும்? நான் பார்த்தேனே."

போன வாரம் இதே அறையில் இதே நாற்காலியில் அவனிடம் நான்தான் சொன்னேன். அவன் இந்தச் சீசனில் வில்லோ பெண்ட் பக்கம் ஒரே தடவை வந்தான், அதிலும் எனக்கு முன்னால் கிளம்பினான். "பண்ணைப் பையன், விடிகாலையில மாட்டுக்குத் தீனி போட்டுட்டு வர்றான் போல, அதான் எட்டரை மணிக்குத் தூக்கம் வருது" என்றான். எல்லோரும் சிரித்தார்கள். நானும் சிரித்தேன்.

பிப்ரவரி 11, செவ்வாய்

பத்திரிகையில் இந்த வருடப் பையன்களின் புதிய தரவரிசை. ரீமர் இருபத்து நாலிலிருந்து நாற்பத்தெட்டுக்கு இறங்கியிருக்கிறான். காரணம் ஒரே வரி, என் வரி, ஒரு சொல்கூட மாறவில்லை.

மார்ச் 8, சனி

இன்றைக்கு நடந்ததை எழுதவே பிடிக்கவில்லை.

மதியம் வில்லோ பெண்டில் பயிற்சி பார்க்கப் போனேன். பயிற்சியாளர் ரெஜ் டுமோன் பனித்தளத்தைச் சுற்றிய தடுப்புப் பலகையில் சாய்ந்து நின்றுகொண்டிருந்தார். நல்ல மனுஷன், வாயைத் திறந்தால் மூடமாட்டார். சும்மா பேச்சுக்கு, "உன் ரீமர் கடைசியில தளர்ந்துடுறானே, ஏன்?" என்று கேட்டேன்.

அவர் என்னை ஏற இறங்கப் பார்த்தார். "தளர்றானா? யாரு?"

"மூணாவது பகுதியில ஒண்ணும் செய்யறதில்லையே."

"எப்படிச் செய்வான்? நீ வந்த ஆட்டமெல்லாம் நாங்க நாலு கோல், அஞ்சு கோல் முன்னால இருந்தோம். முன்னால இருந்தா இரண்டாவது இடைவேளையில என்கிட்ட வந்து நிப்பான். 'கோச், என் முறையை எப்பவாவதுதான் உள்ள இறங்கற நாலாவது வரிசைப் பசங்களுக்குக் குடுங்க, அவங்க வீட்டுல எல்லாரும் இவ்வளவு தூரம் ஓட்டிக்கிட்டு வந்திருக்காங்க, பையன் ஆடறதைப் பார்க்க வேணாமா?' அப்படிம்பான். நானும் சரின்னு விட்டுடுவேன். மூணாவது பகுதி பூரா பெஞ்ச்ல நின்னுக்கிட்டு அந்தப் பசங்களுக்காகக் கத்துவான், தொண்டை கட்டற வரைக்கும். நீதான் பார்த்திருப்பியே."

"பார்த்தேன்" என்றேன்.

பார்த்தேனாம். எங்கே பார்த்தேன்? பார்க்கிங்கில் காரின் கண்ணாடியில் பனி சுரண்டிக்கொண்டிருந்தேன்.

"நெருக்கடியான ஆட்டத்துல வந்து பாரு" என்றார் ரெஜ். "கடைசிப் பத்து நிமிஷம் அவனை நான் பெஞ்ச்ல உக்காரவே விடறதில்லை."

ஐந்து ஆட்டம். ஐந்திலும் வீட்டுக்கு ஓடியவன் நான். காணாமல் போனவன் யார்?

மார்ச் 9, ஞாயிறு

இரண்டு வரியில் திருத்தம் எழுதினேன். "ரீமர் மூன்றாம் பகுதியில் ஆடாததற்குக் காரணம் வேறு. என் முந்தைய கணிப்பு தவறு." அனுப்பு பொத்தானின் மேல் விரலை வைத்துக்கொண்டு மனைவி மார்னி வைத்த பெரோகி (உருளைக்கிழங்குக் கொழுக்கட்டை) ஆறும் வரை உட்கார்ந்திருந்தேன்.

அனுப்பினால் மெக்கில்வ்ரே முதலில் கேட்கும் கேள்வி எனக்குத் தெரியும். "முழு ஆட்டம் பார்த்தேன்னு எழுதினியே, பெஞ்ச்ல அவன் நின்னு கத்தறது உன் கண்ணுல படலையா?" ஜூன் கடைசியோடு என் ஒப்பந்தம் முடிகிறது. எனக்கு ஐம்பத்தாறு. இந்த வேலையை விட்டால் எனக்கு வேறு என்ன தெரியும்?

அனுப்பவில்லை. நாளை அனுப்பலாம் என்று வைத்திருக்கிறேன்.

மார்ச் 12, புதன்

அனுப்பவில்லை.

மார்ச் 21, வெள்ளி

வில்லோ பெண்ட். மூன்றுக்கு மூன்று சமம். இந்த வருடத்தில் முதல் தடவையாகக் கடைசி மணி அடிக்கும்வரை உட்கார்ந்தேன். மற்ற ஸ்கவுட்கள் ஒவ்வொருவராகத் தோளில் தட்டிவிட்டுப் போனார்கள். "என்னப்பா, மார்னி வீட்டுல சேர்க்கலையா?" என்றான் டக்கி.

மூன்றாம் பகுதியில் அந்தப் பையன் ஆடியதை எப்படிச் சொல்ல? ஒரு முறை உள்ளே, ஒரு மூச்சு பெஞ்சில், மறுபடி உள்ளே. தன்னைவிட ஒரு தலை உயரமான இரண்டு பேர் பலகையோடு சேர்த்து அழுத்தியும் பக்கை விடவில்லை. மூன்று நிமிடம் இருக்கும்போது கோலுக்குப் பின்னால் திரும்பிக்கூடப் பார்க்காமல் ஒரு பாஸ் கொடுத்தான், அதில் ஜெயித்தார்கள். என்னை அறியாமல் எழுந்து நின்றுவிட்டேன். இருபத்திரண்டு வருடம் இந்த வேலை பார்த்தவன் எழுந்து நின்றான் என்றால் பார்த்துக்கொள்.

ரிப்போர்ட்டில் நான் எழுதியது: "மூன்றாம் பகுதியில் சற்று முன்னேற்றம் தெரிகிறது."

சற்று முன்னேற்றமாம். தூ.

மே 27, செவ்வாய்

கடைசிக் கூட்டம், இரண்டாம் நாள். அடுத்த மாதம் டிராஃப்ட். முப்பது கிளப்பும் முறை வைத்து ஏழு சுற்று பையன்களைப் பெயர் சொல்லி எடுத்துக்கொள்ளும். அதற்கு முன்னால் எங்கள் பட்டியலை முடிவுசெய்யவேண்டும். சுவர் முழுக்கப் பலகை, பலகை முழுக்கப் பெயர்ப்பட்டைகள். பிடித்தால் மேலே நகரும், பிடிக்காவிட்டால் கீழே. எங்கள் வாய்ப்பேச்சில் ஒரு விரற்கடை அளவு நகரும் பட்டைக்குப் பின்னால் ஒரு குடும்பமே இருக்கிறது என்பது அந்த அறையில் யாருக்கும் ஞாபகம் வருவதில்லை.

இரண்டாம் சுற்றுக்கு யார்? ஆல்பர்ட்டா மாநிலப் பையன்களைப் பார்க்கும் எங்கள் ஸ்கவுட் வேய்ன் தன் தடுப்பாட்டக்காரன் ப்ரோடி ஸ்டாங்கைத் தூக்கிக்கொண்டு வந்தான்.

"ஆறடி நாலு. கோலுக்கு முன்னால நின்னான்னா அலமாரி மாதிரி."

"அலமாரி திரும்பாதே வேய்ன்" என்றாள் ஜோசலின். ஜோசலின் காரோ, போன வருடம்தான் சேர்ந்தாள், கியூபெக்காரி, ஆட்டங்களின் வீடியோவைப் பார்த்துக் கணக்கெடுப்பது அவள் வேலை. "வேகமா ஒருத்தன் வந்தா ஸ்டாங் திரும்பறதுக்குள்ள அவன் கோல் போட்டுட்டு வீட்டுக்கே போயிடுவான்."

"திரும்பக் கத்துக்குடுக்கலாம்மா. உயரத்தைக் கத்துக்குடுக்க முடியுமா?"

"கண்ணைக் கத்துக்குடுக்க முடியுமா? ரீமருக்கு இருக்கற கண்ணு இந்தப் பலகையில வேற யாருக்கும் இல்லை. அவனை எடுங்க."

மெக்கில்வ்ரே மூக்குக்கண்ணாடியைக் கழற்றினார். "மூணாவது பகுதி?"

"அதான் எனக்குப் புரியலை சார்" என்றாள். "கிடைச்ச வீடியோ எல்லாம் பார்த்துட்டேன். கால் தளர்ந்த மாதிரியே தெரியலை. ஆடும்போது நல்லாத்தான் ஆடறான். சில ஆட்டத்துல ஆடவே மாட்டேங்கறான், அவ்வளவுதான். அது ஏன்னு யாராவது விசாரிச்சீங்களா?"

எல்லோரும் என்னைப் பார்த்தார்கள். அந்த அறையில் அது ஏன் என்று தெரிந்த ஒரே ஆள் நான். ஒரே ஒரு வாக்கியம் போதும். ரெஜ் சொன்னதை அப்படியே சொல்லியிருந்தால் போதும்.

நான் சொன்னது: "வீடியோல இதெல்லாம் தெரியாது ஜோசலின். அங்க இருந்து பார்க்கணும்."

அவள் முகம் சிவந்துவிட்டது. "சரிங்க" என்று தாளைப் பார்க்கக் குனிந்துகொண்டாள். மெக்கில்வ்ரே எழுந்துபோய் ரீமரின் பட்டையைப் பலகையிலிருந்தே எடுத்து, மேஜையோரத்தில் 'வேண்டாம்' குவியலில் போட்டார். "லோர்ன் நேர்ல பார்த்திருக்கான். எனக்கு அது போதும்."

ஒரு சின்னப் பெண் நேர்மையாகக் கேட்ட கேள்விக்கு, பார்க்காத பகுதியைப் பார்த்ததாகச் சொல்லி வாயை அடைத்திருக்கிறேன். வெட்கமாக இருக்கிறது. இதைவிட நல்ல சொல் கிடைக்கவில்லை.

மே 28, புதன்

ஜோசலின் காலையில் எனக்குக் காப்பி வாங்கி வைத்திருந்தாள். "நேத்து ஓவராப் பேசிட்டேன், மன்னிச்சுக்கோங்க" என்றாள்.

ஜூன் 5, வியாழன்

பையன்களை நேரில் கேள்வி கேட்கும் வாரம். ஓட்டல் அறை, நீள மேஜை, இந்தப் பக்கம் நாங்கள் ஆறு பேர், அந்தப் பக்கம் ஒரு நாற்காலி. 'வேண்டாம்' குவியலில் போட்டவர்களையும் கூப்பிட்டு வைப்போம். அடுத்த கிளப்புக்கு எங்கள் மனசு தெரியக்கூடாது என்பதற்காக.

ரீமர் டையை யாரோ கட்டிவிட்ட மாதிரி கட்டிக்கொண்டு வந்தான். ஒவ்வொருவரிடமும் வந்து கை குலுக்கினான். என்னிடம், "உங்களை எங்க ஊர்ல பார்த்திருக்கேன் சார், அவ்வளவு தூரம் வர்றதுக்கு ரொம்ப நன்றி" என்றான்.

மெக்கில்வ்ரே கேட்டார்: "மூணாவது பகுதியில நீ காணாமப் போயிடறதா எங்க ஆள் சொல்றார். ஏன்?"

நான் அவனையே பார்த்துக்கொண்டிருந்தேன். சொல்லுடா. நாலாவது வரிசைப் பசங்களுக்கு விட்டுக்கொடுத்தேன்னு சொல்லு. நீயே சொல்லிட்டா நான் சொல்லவேண்டாமே. இப்படி ஒரு கேவலமான பிரார்த்தனையை நான் செய்ததே இல்லை.

அவன் சொன்னான்: "ஆமாம் சார். அது என் குறைதான். சரி பண்ண உழைச்சுக்கிட்டு இருக்கேன்."

வேறு என்ன சொல்வான்? ஏழு வயதிலிருந்து இவர்களுக்கு அதைத்தானே சொல்லிக்கொடுக்கிறோம். குறை சொன்னால் ஒத்துக்கொள், சாக்குச் சொல்லாதே, சாக்குச் சொல்கிறவனை எந்தக் கிளப்பும் எடுக்காது. அதிலும் ரீமர் குடும்பம் மென்னோனைட் என்ற, எளிமை பேணும் கிறிஸ்தவச் சபை. தான் செய்த நல்லதைத் தன் வாயால் சொல்வது அவர்கள் வீட்டில் பெருமையடிப்பது. இல்லாத குறையைத் தலையில் ஏற்றுக்கொண்டு, எங்களுக்கு நன்றியும் சொல்லிவிட்டு, நாற்காலியை மேஜைக்கு அடியில் சரியாகத் தள்ளிவைத்துவிட்டுப் போனான்.

"மரியாதையான பையன்" என்றார் மெக்கில்வ்ரே. "பாவம்."

ஜூன் 28, சனி

டிராஃப்ட் முடிந்துவிட்டது.

ரீமர் வீட்டார் இரண்டு நாள் கார் ஓட்டிக்கொண்டு வந்திருந்தார்கள். அரங்கத்தின் இடதுபக்கம், பன்னிரண்டாவது வரிசை. அம்மா ஹில்டா நீல உடையில். அப்பா சட்டையின் கழுத்துப் பொத்தான்வரை போட்டிருந்தார். நடுவில் டேலன். நான் தரைத்தளத்தில் எங்கள் கிளப் மேஜையில். தலையைத் தூக்கினால் அவர்கள்தான் தெரிந்தார்கள், அதனால் முடிந்தவரை தலையைத் தூக்கவில்லை.

இரண்டாம் சுற்று. மூன்று. நான்கு. ஒவ்வொரு பெயர் வாசிக்கும்போதும் ஒரு குடும்பம் எழுந்து கட்டிப்பிடித்துக்கொள்ளும், பக்கத்துக் குடும்பங்கள் கைதட்டும். ரீமர் வீட்டார் ஒவ்வொருவருக்கும் கைதட்டினார்கள். ஆறாவது சுற்றில் அரங்கமே பாதி காலி. என் வரி எல்லா மேஜைக்கும் போயிருந்தது போல, ரீமர் பெயரை எந்தக் கிளப்பும் வாசிக்கவில்லை. அவர்கள் அப்படியே உட்கார்ந்திருந்தார்கள்.

கடைசிச் சுற்றில் எங்கள் தேர்வை ஒரு ஸ்கவுட்டுக்கு விட்டுவிடுவது எங்கள் கிளப் வழக்கம். வருடத்துக்கு ஒருத்தன், யாரை வேண்டுமானாலும் சொல்லலாம், யாரும் மறுக்கமாட்டார்கள். இந்த வருடம் மெக்கில்வ்ரே என் பக்கம் திரும்பினார். "உன் முறை லோர்ன். உனக்குப் பிடிச்ச பையன் யாரு?"

மூன்று நிமிடம் கொடுப்பார்கள். மேஜையில் எல்லோரும் சிரித்த முகமாக என்னையே பார்த்தார்கள். ஜோசலினும்.

ரீமர் என்று சொல்லியிருக்கலாம். இரண்டே சொல், டேலன் ரீமர். 'ஏன்?' என்று கேட்பார்கள். கேட்டால் சொல்லவேண்டும். எல்லாவற்றையும், அந்த மேஜையில், அத்தனை பேர் நடுவில். வாயைத் திறந்தேன். யார்க்டன் ஊர் கோல்கீப்பர் ஒருவனின் பெயர் வந்தது. நல்ல ஆட்டக்காரன்தான். எனக்கு அவன் முகம்கூடச் சரியாக ஞாபகமில்லை.

முடிந்த பிறகு நிமிர்ந்து பார்த்தேன். அப்பா எழுந்து நின்று கோட்டை எடுத்துக் கொடுத்துக்கொண்டிருந்தார். டேலன் அம்மாவின் முதுகைத் தடவிக்கொண்டிருந்தான். அவன் அவளைத் தேற்றிக்கொண்டிருந்தான்.

ஜூலை 2, புதன்

ஒப்பந்தத்தை இன்னும் மூன்று வருடம் நீட்டித்து அனுப்பியிருக்கிறார்கள். மார்னி கேக் வாங்கிவந்தாள். கேக்கின் முன்னால் உட்கார்ந்து எல்லாவற்றையும் அவளிடம் கொட்டினேன். பனி, காலி ஆட்டத்தாள், ரெஜ், ஜோசலின், கடைசித் தேர்வு, எல்லாம்.

முப்பது வருடம் என்னோடு குடித்தனம் நடத்தியவள். திட்டுவாள் என்று நினைத்தேன். திட்டியிருந்தால் தேவலை.

"இத்தனை மாசம் இதை வயித்துல வெச்சுக்கிட்டா என்கூட சாப்பிட்டுக்கிட்டு இருந்தே?" என்றாள். கேக் கத்தியைக் கீழே வைத்துவிட்டு: "என்கிட்ட சொல்லி என்ன ஆகப்போகுது லோர்ன்? நானா ஹாக்கி ஆடறேன்? அந்தப் பையன்கிட்ட போய்ச் சொல்லு."

"சொன்னா என்ன ஆகும்?"

"அது உனக்கு எதுக்கு? நீ சொல்லு."

கேக் அப்படியே இருக்கிறது.

ஆகஸ்ட் 9, சனி

போனேன். ஒரு மாதம் தள்ளிப்போட்டுவிட்டு இன்றைக்குத்தான் போனேன்.

ரீமர் பண்ணை, வில்லோ பெண்டுக்கு வடக்கே சரளைப் பாதையில் இருபது கிலோமீட்டர். அப்பா அம்மா வெளியூரில் ஒரு கல்யாணத்துக்குப் போயிருந்தார்கள். கடுகு வயலோரம் தொலைவில் ஒருத்தன் முதுகில் கனமான பையோடு ஓடிக்கொண்டிருந்தான். பக்கத்தில் வந்ததும்தான் டேலன் என்று தெரிந்தது. மெலிந்து கன்னம் ஒட்டியிருந்தது. குனிந்து வேலியோரம் வாந்தி எடுத்தான். பிறகு வாயைத் துடைத்துக்கொண்டு, "வாங்க சார், தண்ணி கொண்டுவரட்டுமா?" என்று என்னைக் கேட்டான்.

காரின் மேல் கையை ஊன்றிக்கொண்டே எல்லாம் சொன்னேன். சுற்றி வளைக்கவில்லை. "உன்னைப் பத்தி நான் எழுதினது பொய். எழுதறப்ப நான் உன் மூணாவது பகுதியைப் பார்த்ததே இல்லை. உனக்கு அப்படி ஒரு குறையே கிடையாது" என்றேன்.

அவன் வெகுநேரம் சரளைக்கல்லைக் காலால் தள்ளிக்கொண்டிருந்தான். கோபப்படுவான் என்று காத்திருந்தேன். கோபப்படவேண்டும் என்று வேண்டிக்கொண்டேகூட இருந்தேன்.

"இல்ல சார், நீங்க எழுதினது சரிதான்" என்றான்.

"டேலன், நான் என்ன சொல்றேன்னா..."

"புரியுது சார். ஆனா பதினோரு கிளப் என்கிட்ட அதையேதான் கேட்டாங்க. பதினோரு பேருமா தப்பாப் பார்த்திருப்பாங்க?"

"பதினோரு பேரும் நான்தாம்பா. என் வாயிலருந்து போனதுதான் எல்லாம்."

அவன் சிரித்தான். நான் அவன் மனசு நோகக்கூடாதென்று எதையோ சொல்லித் தேற்றுவதாக நினைத்துவிட்டான், அது முகத்தில் தெரிந்தது. "கோச்சும் இப்படித்தான் சொல்றார். அவருக்கு என்மேல பாசம். நீங்கள்லாம் கேட்டதுக்கு அப்புறம்தான் சார் நான் கவனிச்சேன். மூணாவது பகுதி ஆரம்பிச்சதும் எனக்குக் கால் கனக்குது. முன்னாடியும் கனத்திருக்கும், எனக்குத் தெரியலை. கோடைப் போட்டியில ஒவ்வொரு ஆட்டத்துலயும் அப்படித்தான் ஆச்சு. அதான் ஓடறேன்."

"எவ்வளவு ஓடறே?"

"காலையில ஒரு தடவை, வேலை முடிஞ்சு ஒரு தடவை. வாந்தி வர்ற வரைக்கும்."

என்ன சொல்லியும் ஏறவில்லை. நான் பொய்யன் என்று நானே சொல்கிறேன், அதை அந்தப் பையன் நம்ப மறுக்கிறான். கிளம்பும்போது கார்க் கதவருகே வந்து, "அம்மாகிட்ட மட்டும் இதெல்லாம் சொல்லாதீங்க சார். இப்பதான் அழறதை நிறுத்தியிருக்காங்க" என்றான்.

நெடுஞ்சாலை வருவதற்குள் மூன்று இடத்தில் காரை நிறுத்தினேன்.

செப்டம்பர் 3, புதன்

மெக்கில்வ்ரேக்கு எல்லாவற்றையும் எழுதி அனுப்பிவிட்டேன். ஐந்து ஆட்டம், தேதி வாரியாக, எத்தனை மணிக்குக் கிளம்பினேன் என்பது உட்பட. ஜோசலினுக்கு ஒரு பிரதி. டக்கிக்கும் காப்பி அறையில் உட்காரும் மற்ற ஆறு பேருக்கும் ஒவ்வொன்று.

மத்தியானம் போன் வந்தது. கத்துவார் என்று நினைத்தேன். களைத்துப்போன குரலில்தான் பேசினார்.

"எல்லாரும்தாண்டா இரண்டாவது இடைவேளையில கிளம்பறோம். நானே கிளம்பியிருக்கேன். என்கிட்ட வாயால சொல்லியிருக்கலாமே. ஏண்டா எழுத்துல அனுப்பினே? அதுவும் அடுத்த கிளப்புக்கெல்லாம்? இனிமே உன்னை நான் எப்படி வெச்சுக்கறது?"

வேலை போய்விட்டது, பொய்க்காக இல்லை, அதை எழுத்தில் ஒத்துக்கொண்டதற்காக. நியாயம்தான் என்று சொல்லலாம் என்றால் அதுவும் வாயில் வரமாட்டேன் என்கிறது.

செப்டம்பர் 5, வெள்ளி

டக்கியின் பதில், ஒரே வரி. "உனக்கு என்னப்பா ஆச்சு, நான்தான் என் கண்ணால பார்த்தேனே."

அக்டோபர் 18, சனி

மார்னி வேண்டாம் என்றாள். இருந்தும் டிக்கெட் வாங்கிக்கொண்டு வில்லோ பெண்ட் போனேன், மற்றவர்களோடு மரப் பெஞ்சில் உட்கார்ந்தேன். மேலே மாடத்தில் ஜோசலின் தெரிந்தாள். இந்த வருடம் அவளே நேரில் வந்து பார்க்கிறாள். கை காட்டினாள், நானும் காட்டினேன்.

ஆட்டம் தொடங்கிச் சற்று நேரத்தில் பக்கத்தில் ஒரு பெண்மணி வந்து உட்கார்ந்தார். ஹில்டா ரீமர். "நீங்க அந்த ஸ்கவுட்தானே? எங்க பையன் சொன்னான், ஆகஸ்ட்ல வீடு தேடி வந்து அவனுக்கு ஆறுதல் சொன்னீங்களாம்" என்றார். நான் நகர்ந்து அவருக்கு இடம் விட்டேன்.

முதல் இரண்டு பகுதியும் டேலன் பழைய டேலன். ஒரு கோல், ஒரு உதவி. மூன்றுக்கு மூன்று சமம்.

மூன்றாம் பகுதி தொடங்கியதும் தலையைத் தூக்கிக் கடிகாரத்தைப் பார்த்தான். பெஞ்சுக்கு வந்து உட்கார்ந்து மறுபடி பார்த்தான். பனியில் நிற்கும்போதே, பக் எதிர்ப்பக்கம் இருக்கும்போதே பார்த்தான். கால்கள் அகன்று, மரத்தில் செய்தது மாதிரி போயின. இது களைப்பு இல்லை. இருபத்திரண்டு வருடம் பார்த்த கண் எனக்கு, இது மட்டுமாவது தெரியும். களைப்பு எப்போது வரும் என்று காத்துக்கொண்டிருக்கிற கால் அது.

ஒன்பது நிமிடம் இருந்தது. ரெஜ் பின்னாலிருந்து அவன் தோளைத் தட்டினார், உள்ளே போ என்று. டேலன் மறுப்பாகத் தலையை ஆட்டினான். பக்கத்தில் இருந்த நாலாவது வரிசைப் பையனைக் கையால் காட்டினான், அவனை அனுப்புங்க என்கிற மாதிரி. ரெஜ் ஒரு கணம் நின்று, குனிந்து அவன் முகத்தைப் பார்த்தார். பிறகு அந்தப் பையனை அனுப்பினார்.

ஹில்டா என் முழங்கையைத் தொட்டார். "பாத்தீங்களா? எப்பவும் இப்படித்தான். மத்த பசங்களுக்கு விட்டுக்கொடுத்துடுவான்." அந்த முகத்தில் அவ்வளவு பெருமை.

"ஆமாங்க" என்றேன், இன்னும் மூன்றுக்கு மூன்று என்று காட்டிய ஸ்கோர்ப் பலகையைப் பார்த்துக்கொண்டு.